குழல்மீன்: அடையாளமும் ஆகாரமும்

கடற்புல் நட்டு வளர்த்த கண்ணாடித் தொட்டியொன்றின் முன்னால் வந்து நிற்பவர்களில் பலர், சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, உள்ளே மீன் எதுவும் இல்லையென்று கருதி அடுத்த தொட்டிக்குச் சென்றுவிடுவர். நீர் அசையும்போது புல்லிதழ்கள் யாவும் ஒருபுறமாகச் சாய்கின்றன, மீண்டும் நிமிர்கின்றன. அவற்றுள் ஓர் இதழ் மட்டும் சற்றுத் தடித்ததாய், விளிம்புகளில் கோணமுடையதாய் இருக்கிறது. அதன் ஒரு முனைக்கு அருகே இரு சிறு கண்கள், ஒன்றையொன்று பொருட்படுத்தாமல், தனித்தனியே சுழல்கின்றன. அது புல்லன்று, மீன் என்பது பொறுமையுள்ள பார்வையாளருக்கே புலனாகும்.

இவ்வாறு ஒளிந்து வாழும் ஆற்றல் கடலில் குழல்மீனின் உயிரைக் காக்கிறது. தொட்டியிலோ அதுவே பல சமயங்களில் அதற்கு யமனாக முடிகிறது. பார்வையாளரின் கண்ணுக்குத் தப்பும் மீன், அதை வளர்ப்பவரின் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது. தொட்டியில் உணவு இடப்படுகிறது. மற்ற மீன்கள் பாய்ந்து உண்டுவிடுகின்றன. குழல்மீன் புல்லோடு புல்லாக நிற்கிறது. அது உண்டதா என்று எவரும் கவனிப்பதில்லை. சில வாரங்கள் சென்றபின் ஒருநாள் காலையில் அது தொட்டியின் அடியில் கிடக்கக் காணும்போது, நோயுற்று மாண்டதென்று குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. பெரும்பாலும் அது பட்டினியால் மாண்டிருக்கும். உணவு நிறைந்த தொட்டியில் ஒரு மீன் பட்டினி கிடப்பானேன் என்று கேட்கலாம். அது எவ்வகைக் குழல்மீன் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளாமல் உணவிட்டதே அதற்குக் காரணமாக இருக்கும்.

பெயர்க் குழப்பத்திலிருந்தே தொடங்கவேண்டும். நீண்டு மெலிந்த மீன் எதனையும் ஊசிமீன் என்று அழைப்பது வழக்கமாதலின், முரல் மீனும் குழல்மீனும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. முரலின் தாடைகள் இரண்டும் நீண்டு, கூரிய பற்கள் நிறைந்தவை. அது நீர்ப்பரப்பின் அருகே விரைந்து நீந்திச் சிறு மீன்களை வேட்டையாடுவது. குழல்மீனுக்குப் பற்களே இல்லை. அதன் முகம் ஒரு குழாயாக நீண்டு, அக்குழாயின் நுனியில் மிகச் சிறிய வாய் அமைந்திருக்கிறது. பவளப்பாறைகளின் மேல் நீந்தும் ஃபிஸ்டுலேரியா என்னும் மீனுக்கும் குழாய் முகமே. ஆனால் அது ஒரு மீட்டருக்கு மேலும் வளர்வது, அதன் வாலின் நடுவிலிருந்து நீண்ட இழையொன்று தொங்குவது. பேய்க் குழல்மீன் என்னும் ஸோலனோஸ்டோமஸ் இவற்றையெல்லாம்விட நெருங்கிய உறவினம். எனினும் அதற்கு வயிற்றுத் துடுப்புகள் விசிறிபோல் பெரியவை. முட்டைகளை அத்துடுப்புகளுக்கிடையே சுமப்பது பெண் மீன். உண்மைக் குழல்மீனுக்கு வயிற்றுத் துடுப்புகள் அறவே இல்லை. முட்டைகளைச் சுமப்பதும் ஆண் மீனே.

குழல்மீன்களும் கடற்குதிரைகளும் சிங்னாத்திடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 300 இனங்களைக் கொண்ட அக்குடும்பத்தில் மிகப் பெரும்பாலானவை குழல்மீன்களே. கடற்குதிரையை நிமிர்த்தி நீட்டிவிட்டால் குழல்மீன் ஆகும் என்று சொல்வது விளையாட்டுப் பேச்சாயினும் பெரிதும் பொருந்தும். இரண்டுக்கும் செதில்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக உடல் முழுவதையும் எலும்பு வளையங்கள் கவசம்போல் சூழ்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் செவுள்கள் சீப்பு வடிவில் இராமல் சிறு குஞ்சங்களாக இருக்கின்றன. 1875 முதல் 1878 வரை வெளிவந்த தம் இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் பிரான்சிஸ் டே இவற்றைக் குஞ்சச் செவுளிகள் என்ற தனிப் பிரிவில் வைத்தது இதனாலேயே.

இனம் பிரித்தறிய வல்லுநர்கள் பெரிதும் நம்புவது இவ்வளையங்களின் எண்ணிக்கையை. மார்புத் துடுப்பின் அடிப்பாகம் அமைந்த வளையம் முதலாவது; மலத்துவாரம் அமைந்த வளையம் நடுவுடலின் கடைசி வளையம். அதற்குப் பின்னுள்ளவை யாவும் வால் வளையங்கள். இவ்விரு எண்களோடு, முதுகுத் துடுப்பு எத்தனை வளையங்களின் மேல் பரவியிருக்கிறது, உடலின் பக்கவாட்டு வரம்பு வாலின் வரம்போடு தொடர்கிறதா அல்லது இடையில் முறிகிறதா என்பவற்றையும் குறித்துக்கொண்டால், ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சி. இ. டாசன் 1985இல் இந்து-பசிபிக் கடல்களின் குழல்மீன்களைப் பற்றி எழுதிய நூல் இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. நிறத்தை நம்புவது ஆபத்து. ஒரே மீன் பச்சைப் புல்லிடையே பச்சையாகவும், வாடிய புல்லிடையே பழுப்பாகவும் காணப்படும். வளையங்களை எண்ணுவதற்காக மீனை நீரிலிருந்து எடுத்தலும் கூடாது. பக்கவாட்டில் விளக்கை வைத்து, கண்ணாடியின் வழியே தெளிவான புகைப்படமொன்று எடுத்தால், வளையங்களின் நிழல் வரிகளைப் பின்னர் ஆற அமர எண்ணிக்கொள்ளலாம்.

தொட்டியைக் காப்பவர் அனைவரும் வளையங்களை எண்ணவேண்டும் என்பதன்று. உணவிடும் நோக்கத்திற்கு வாலைப் பார்த்தாலே முக்கால்வாசி விடை கிடைத்துவிடும்.

வாலின் நுனியில் துடுப்பே இல்லாமல், அது கொடியின் சுருள்போல் புல்லைப் பற்றிக்கொள்ளுமாயின், அம்மீன் கடற்புல் வெளியைச் சேர்ந்தது. நம் கடல்களில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சிங்னாத்தாய்டிஸ் பையாக்யூலியேட்டஸ். புளோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1785இல் இதனை வருணித்தார். மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, லட்சத்தீவுகளின் காயல்கள் முதலிய புல்வெளிகளில் வாழும் இம்மீன் 25 செ.மீ.க்கு மேலும் வளரும். ஆண் மீன் முட்டைகளைப் பையில் மறைத்து வைப்பதில்லை. நடுவுடலின் அடிப்பகுதியில் வரிசை வரிசையாக ஒட்டிச் சுமக்கிறது. இம்மீன் இரையைத் தேடிச் செல்வதில்லை. புல்லிடையே நின்றபடி, அருகில் வரும் மைசிட், ஆம்பிபாட் போன்ற கூனி வகைச் சிற்றுயிர்களை உறிஞ்சி விழுங்குகிறது.

வாலின் நுனியில் வண்ணக்கொடி போன்ற வட்டத் துடுப்பு இருக்குமாயின், அது பவளப்பாறையின் குகைகளிலும் இடுக்குகளிலும் வாழ்வது. டோரிராம்ஃபஸ், டன்க்கரோகாம்பஸ் என்னும் பேரினங்கள் இத்தகையவை. இவை எதனையும் பற்றிக்கொள்வதில்லை. பாறையின் கூரையடியில் ஓயாமல் நீந்திக்கொண்டே, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பொறுக்குகின்றன. டோரிராம்ஃபஸ் எக்ஸைஸஸ் 7 செ.மீ. அளவே உள்ளது; ஆயினும் இரு ஆண்கள் ஒரே சிறு தொட்டியில் இருப்பின் ஒன்றையொன்று விரட்டி ஓய்வின்றி அலைக்கழிக்கும். இணையாக வைப்பதே முறை.

மூன்றாவது வகை கோரித்தாய்க்திஸ். வலைப்பின்னல் போன்ற கோடுகளுடைய இவை பாறை, மணல் ஆகியவற்றின் மேல் பாம்புபோல் ஊர்ந்து செல்கின்றன. வாலின் நுனியில் சிறு துடுப்பு உண்டு. ஒரு நாள் முழுவதும் இவற்றைக் கவனித்தால், குனிந்து நோக்குவதும் கொத்துவதுமாகவே பொழுது கழிவதைக் காணலாம். பாறையின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் கோப்பிபாட் என்னும் துடுப்புக்காலிகளே இவற்றின் ஆகாரம். ஒவ்வொன்றும் கடுகினும் சிறியது. ஆகவே வயிறு நிறைய நூற்றுக்கணக்கில் உண்ணவேண்டும்.

இம்மூன்றனுள் எதிலும் அடங்காத மீனொன்று வந்து சேர்ந்தால், அது கடல்மீன்தானா என்பதையே முதலில் ஐயுறவேண்டும். ஹாமில்டன் 1822இல் கங்கை நதியின் மீன்களைப் பற்றி எழுதியபோதே குழல்மீன்கள் சிலவற்றையும் வருணித்தார். இன்று மைக்ரோஃபிஸ், இக்தியோகாம்பஸ் என்ற பெயர்களில் அறியப்படும் அவை நதிகளிலும் முகத்துவாரங்களிலும் வாழ்பவை. ஹிப்பிக்திஸ் இனங்களும் உவர்நீர்க் கழிகளுக்குரியவை. இவற்றை முழு உப்புத்தன்மையுள்ள கடல்நீரில் திடீரென்று விடுவதன் விளைவுக்கு உணவைக் குறைகூறிப் பயனில்லை.

இனி, உண்ணும் விதம். குழல்மீன் இரையைக் கடிப்பதுமில்லை, மெல்லுவதுமில்லை. இரையைக் கண்டதும் இரு கண்களும் அதன்மேல் குவிகின்றன. மெதுவாக, ஏறக்குறைய அசைவே இன்றி, முகக்குழாயின் நுனியை இரைக்குக் கீழே கொண்டுசெல்கிறது. பிறகு தலை திடீரென மேல்நோக்கித் தெறிக்கிறது. அதே கணத்தில் குழாய் விரிந்து, நீரோடு இரையும் உள்ளே இழுக்கப்படுகிறது. இவையாவும் ஒரு விநாடியின் நூற்றிலொரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். தசையின் சுருக்கம் மட்டும் இத்துணை விரைவைத் தர இயலாது. நாணேற்றிய வில்லைப்போல், பிடரியின் தசைநார்களில் முன்னதாகவே விசை சேமிக்கப்பட்டு, பின் ஒருசேர விடுவிக்கப்படுகிறது என்பதை அதிவேகப் படக்கருவிகளின் துணைகொண்டு விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்.

இவ்வில்லுக்கு ஒரு குறை உண்டு. அதன் அம்பு சில மில்லிமீட்டர் தொலைவுக்குமேல் எட்டாது. நீரோட்டம் கடுமையாக இருந்தால், குறிபார்த்து முடிப்பதற்குள் இரை விலகிப் போய்விடும். ஓட்டமே இல்லாவிட்டாலோ இரை தொட்டியின் அடியில் படிந்துவிடும். அசையாத பொருளைக் குழல்மீன் இரையென்று ஏற்பது அரிது. ஆகவே நீர் மெல்ல நடமாடவேண்டும், புல்லிதழ் ஆடுமளவுக்கு. விரைந்து உண்ணும் மீன்களோடு குழல்மீனைச் சேர்த்து வைப்பது தகாது என்பதும் இதனாலேயே. இது குறிபார்க்கும் நேரத்தில் அவை முழு உணவையும் தீர்த்துவிடும். கொட்டும் இயல்புள்ள கடல் அனிமோன்களும் இதற்கு ஏற்ற துணையல்ல.

குழாய் வாய் உள்ளவற்றுக்கு இரையின் பருமனும் ஒரு கட்டுப்பாடு. வாயின் அகலத்தினும் பெரிய இரை எத்துணைச் சத்துள்ளதாயினும் பயனற்றது. மேலும், குழல்மீனுக்கு இரைப்பை கிடையாது. உணவுக்குழலோடு குடல் நேராகத் தொடர்கிறது. பெரிய மீன்கள் ஒருவேளை வயிறு நிறைய உண்டு, மறுநாள்வரை தாங்குவதுபோல் இது தாங்காது. ஒரே வேளையில் மிகுதியாக உணவிடப்பட்டால் குடலில் விரைந்து சென்று, முற்றும் செரியாமலேயே வெளியேறிவிடும். நாளொன்றுக்கு ஒருமுறை கைநிறைய இடுவதைவிட, மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக இடுவதே இதற்கு உகந்தது. அலுவலக நேரத்தில் மட்டும் ஆட்கள் உள்ள நிலையங்களில் இது எளிதன்று. ஆயினும் இதில் தளர்வு காட்டுவதற்கு இடமில்லை.

உயிருள்ள இரைகளுள் எங்கும் எளிதில் கிடைப்பது ஆர்ட்டீமியா என்னும் உப்பளத்துச் சிற்றிறால். சான்பிரான்சிஸ்கோ நகர மீன் காட்சிச்சாலையைச் சேர்ந்த ஆல்வின் சீல் 1933இல் இதன் குஞ்சுகள் மீன்களுக்கு நல்ல ஆகாரமாகும் என்று எடுத்துக்காட்டினார். நம் நாட்டில் தூத்துக்குடி உப்பளங்களில் இது இயற்கையாகவே வாழ்கிறது. இதன் உலர்ந்த முட்டைகள் மணல்போல் இருக்கும். ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கக்கூடியவை. உப்புநீரிலிட்டு, 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், வெளிச்சமும் காற்றோட்டமும் தந்தால் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அரை மில்லிமீட்டர் அளவான குஞ்சுகள் வெளிப்படும்.

இவ்வளவு எளிதான பொருளிலும் இரு தவறுகள் நேர்கின்றன. முதலாவது, ஓடுகளைப் பிரிக்காமல் இடுவது. பொரித்த ஓடும் பொரியாத முட்டையும் செரிப்பதில்லை. மெல்லிய குடலில் சென்று அடைத்துக்கொள்ளும். காற்றோட்டத்தை நிறுத்திச் சில நிமிடம் வைத்தால் ஓடுகள் மேலே மிதக்கும். பாத்திரத்தின் ஒரு பக்கத்தில் விளக்கை வைத்தால் குஞ்சுகள் வெளிச்சத்தை நாடி வந்து சேரும். அங்கிருந்து குழாயால் உறிஞ்சி எடுத்து, நுண்ணிய வலையில் வடித்து, சுத்தமான கடல்நீரில் அலசி இடவேண்டும். பொரிக்க வைத்த நீரில் விப்ரியோ முதலிய பாக்டீரியாக்கள் பெருகியிருக்குமாதலின் இவ்வலசலை விட்டுவிடுதல் நலமன்று. இரண்டாவது தவறு, ஆர்ட்டீமியாவையே முழு உணவென்று நம்புவது. பொரித்த சில மணி நேரத்தில் அதன் மஞ்சட்கருச் சத்து குறைந்துவிடுகிறது. அன்றியும் கடல்மீன்களுக்கு இன்றியமையாத கொழுப்பு அமிலங்களுள் டி.ஹெச்.ஏ. என்பது அதில் இல்லையென்றே சொல்லவேண்டும். பொரித்து அரை நாளானபின் குஞ்சுகளின் வாய் திறக்கிறது. அப்போது ஐசோகிரைசிஸ் போன்ற நுண்பாசியை அவற்றுக்கு ஊட்டி, அதன்பின் மீனுக்கு இட்டால் குறை நீங்கும். வெறும் ஆர்ட்டீமியாவை உண்டு வயிறு நிறைந்த மீனும் நாளடைவில் நலிவடையும்; இது பட்டினியின் மற்றொரு வடிவம்.

புல்வெளி வகைக்கு வளர்ந்த ஆர்ட்டீமியாவும் மைசிட்களும் ஏற்றவை. குகை வகை, சிறிது பழக்கினால், உறைய வைத்த சிறு மைசிட்களையும் ஏற்கும். முதலில் உயிருள்ள இரையோடு உறைந்த இரையைக் கலந்து, நீரோட்டம் அதனை அசைத்துச் செல்லும் இடத்தில், கண்ணாடிக் குழாயால் மீனின் முகத்தருகே மெல்ல விடவேண்டும். உயிரிரையின் பங்கை நாள்தோறும் குறைத்துவரவேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். ஊர்ந்து மேயும் கோரித்தாய்க்திஸிடம் இவ்வுபாயம் பலிப்பது அரிது. அதற்கு வேண்டுவது வேளாவேளைக்கு இடும் உணவைக்காட்டிலும் உயிருள்ள மேய்ச்சல் நிலமே. நேற்று அமைத்த தொட்டியில் அது கிடைக்காது. கற்பாறைகளும் பாசியும் இட்டுப் பல மாதங்கள் கழிந்து, கண்ணாடியின்மேல் வெண்புள்ளிகளாகத் துடுப்புக்காலிகள் ஓடித் திரிவது தெரிந்த பின்னரே இவ்வகையை அதில் விடவேண்டும். பக்கத்தில் மீனில்லாத சிறு தொட்டியொன்றை இணைத்து, அதில் பாசி வளர்த்து, துடுப்புக்காலிகள் அங்கே தொல்லையின்றிப் பெருகி, நீரோடு பெரிய தொட்டிக்கு வந்து சேருமாறு செய்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

மீன் உண்கிறதா என்பதை அறிய, இட்ட உணவு தீர்ந்ததா என்று பார்ப்பது போதாது. மீனையே பார்க்கவேண்டும். எலும்புக் கவசம் இருப்பதால், மற்ற மீன்களைப்போல் இது மெலிந்து வருவது பக்கவாட்டில் எளிதில் தெரியாது. நீளமும் தோற்றமும் முன்போலவே இருக்கும். முன்புறமிருந்தோ கீழிருந்தோ நோக்கினால், நடுவுடலின் வரம்புகளுக்கிடையே அடிப்பகுதி உட்குழிந்து, வரம்புகள் கத்தி விளிம்புபோல் துருத்துவது புலப்படும். அதற்கு முன்பே இன்னொரு குறி உண்டு: நலமான மீன் தொட்டியில் இரை விழுந்ததும் கண்களைத் திருப்பும். கண் திரும்புவது நின்றுவிட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, உயிரிரையைச் செறிவாக இடவேண்டும்.

இத்துணைக் கவனம் ஒரு சிறு மீனுக்கு வேண்டுமா என்ற கேள்விக்குச் சட்டமே ஒரு விடை தந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டில் கடற்குதிரைகளும் குழல்மீன்களும் அடங்கிய குடும்பம் முழுவதும் சேர்க்கப்பட்டது. புலியும் யானையும் இடம்பெற்ற அதே அட்டவணை அது. உலர்த்திய குழல்மீன்கள் சீன மருந்துகளுக்காக வாணிபம் செய்யப்படுவதும், இழுவலைகளில் பிற மீன்களோடு இவை அகப்பட்டு மடிவதும் கவலைக்குரியவை. ஆகவே வீட்டுத் தொட்டியின் அழகுக்காக நம் கடலிலிருந்து இவற்றைப் பிடித்துவர எவருக்கும் உரிமையில்லை. உரிய அனுமதி பெற்ற நிலையமொன்றின் தொட்டியில் நிற்கும் குழல்மீன் ஒவ்வொன்றும் அந்த அனுமதியின் பேரிலேயே அங்கு நிற்கிறது. கவனக்குறைவால் அது பட்டினியில் மாண்டால், அதற்கு மாற்றாக மற்றொன்றைக் கடலிலிருந்து எடுப்பது வழக்கமான செயலாகிவிடக் கூடாது.

நன்கு உண்ட மீன்கள் தொட்டியிலும் இனம்பெருக்கும். முட்டைகள் ஆண் மீனின் வாலடியிலோ வயிற்றடியிலோ இருப்பது, இனத்தைக் கண்டறிய மற்றுமொரு அடையாளம். கோரித்தாய்க்திஸுக்கு அது வாலடியில். டோரிராம்ஃபஸுக்கும் சிங்னாத்தாய்டிஸுக்கும் வயிற்றடியில். பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இம்மீனின் அடிப்பாகம் பிளந்து முட்டைகள் வெளிவருவதைக் குறித்திருக்கிறார்; சுமப்பது தந்தை என்பது அவருக்குத் தெரியவில்லை. ஐரோப்பியக் கடல்களின் அகன்ற முகக் குழல்மீனை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பளிப்பது. அடைகாக்கும் தந்தையின் உடல், தான் சுமக்கும் கருக்களிலிருந்தே சத்தை ஈர்த்துக்கொள்ளக்கூடும் என்று அது காட்டியது. முட்டை சுமக்கும் ஆணுக்கு உணவு குறையலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

குஞ்சுகள் வெளிவந்த அன்றே தாமாக இரை தேடத் தொடங்குகின்றன. பெற்றோர் அவற்றைப் பேணுவதில்லை. சில இனங்களின் குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியாக் குஞ்சும் பெரிய கவளம். துடுப்புக்காலிகளின் இளம்பருவத்தையோ ரோட்டிஃபர் என்னும் சக்கரப் பிராணிகளையோதான் அவை விழுங்க இயலும். அவ்விரைகளைப் பெருக்க நுண்பாசி வேண்டும். நுண்பாசி வளரவும் நாட்களாகும். குஞ்சுகளைக் கண்டபின் இவ்வேற்பாடுகளைத் தொடங்குபவருக்குக் காலம் கடந்துவிடும். ஆணின் உடலில் முட்டைகள் தென்பட்ட நாளிலேயே பாசிக் குடுவைகளை வெளிச்சத்தில் வைத்துவிடவேண்டும்.